அமுக்கிராப் பால் கஷாயம்

காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்க்கும், வைகை வறண்டு அனல் பறக்கும் கோடையில் தேகம் க்ஷீணித்தவர்க்கும், பசி நன்றாகத் திரும்பிய பிறகு, பலம் மீளும்பொருட்டு நம் பெரியோர் கொடுத்துவந்த ஔஷதங்களுள் அமுக்கிராக் கிழங்கிட்ட பால் கஷாயம் ஒன்று. மதுரைக் கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடைகளில் இக்கிழங்கு பொடியாகவும் கிடைக்குமெனினும், புழு அரிக்காத கிழங்காகவே வாங்கிப் பாலாவியில் அவித்து, உலர்த்தி, இடித்துச் சலித்துக்கொள்வதே உத்தமம். பொடியில் என்ன கலந்திருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாத காலம் இது.

சார்ங்கதர சம்ஹிதை விதித்த பிரமாணம் மருந்து 1 பங்கு, பால் 8 பங்கு, நீர் 32 பங்கு என்பதாகலின், 5 கிராம் பொடிக்கு 40 மில்லி பாலும் 160 மில்லி நீரும் சேர்த்து, நீர் முழுதும் வற்றிப் பால் மாத்திரம் எஞ்சும்வரை இளந்தீயில் துழாவித் துழாவிக் காய்ச்சி, வடிகட்டி, பனங்கற்கண்டு கூட்டி, இரவு ஆகாரத்துக்குப் பின் வெதுவெதுப்பாக அருந்தலாம்.

கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. தைராய்டு, நீரிழிவு, இரத்த அழுத்தம், தூக்கமின்மை ஆகியவற்றுக்கு மாத்திரை உண்போரும் கல்லீரல் நோயுடையோரும் வைத்தியரைக் கேளாமல் தொடங்க வேண்டா. காய்ச்சியதை மறுநாளைக்கு வைத்தல் கூடாது.