மாப்பிள்ளைக்கு, டெஸ்ட் அடிப்பதற்கு முன்

அறந்தாங்கி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று போனில் நான் சொன்னதற்கெல்லாம் "சரி மாமா, சரி மாமா" என்றாய். அந்தச் "சரி" எனக்குத் தெரியாததா? 2008இல் என் அப்பாவிடம் நானும் அதைத்தான் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் இரண்டாம் தரமும் படிப்பாய்.

"கம்பெனியே விசா ஸ்பான்சர் பண்ணுது, ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேக்குறாரு" என்று ஒரே மூச்சில் சொன்னாய். முதல் பாதி உண்மையென்றால் இரண்டாவது பாதி எதற்கு? சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பவன் முதலாளி. உனக்காக 5,000 சிங்கப்பூர் வெள்ளிக்குப் பிணை வைப்பவன் அவன். மாதாமாதம் அரசுக்கு லெவி கட்டுபவனும் அவன்தான். 2024 முதல் கட்டுமானத்தில் அடிப்படைத் திறன் ஆளுக்கு 900 வெள்ளி, உயர்திறன் ஆளுக்கு 500. மருத்துவக் காப்பீடும் அவன் கணக்கு. லெவியை உன் சம்பளத்தில் பிடிப்பது அங்கே குற்றம். வேலை கொடுத்ததற்கு உன்னிடம் பணம் வாங்குவதும் குற்றம். அங்கு உரிமம் பெற்ற ஏஜென்சி எவ்வளவு முயன்றாலும் உன்னிடம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்க முடியாது. நம் பக்கம் பதிவு பெற்ற ஏஜென்ட்டுக்குச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதோடு சரி. பயிற்சிக்கும் திறன் டெஸ்ட்டுக்கும் டிக்கெட்டுக்கும் செலவு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ரசீது கேள். ரசீது என்றதும் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொள்.

நான் கேட்கவில்லை. மூன்று வட்டிக்கு இரண்டு லட்சம் வாங்கினேன். மாதம் 6,000 வட்டியே போனது. அப்போது ஒரு வெள்ளிக்கு முப்பது ரூபாய் சொச்சம்தான். ஒன்பதாவது மாதம் கம்பெனிக்குக் கையில் வேலை தீர்ந்துபோனது. ஒரு நாள் காலை சைட்டுக்குப் போக லாரியில் ஏறி உட்கார்ந்தவர்களில் ஏழு பேரை மட்டும் இறங்கச் சொன்னார் சூப்பர்வைசர். பெர்மிட் கேன்சல். பூட்ஸில் முந்தின நாள் சிமெண்ட் அப்படியே இருந்தது. ஊருக்கு வந்தபோது அசலில் கால்வாசிகூட அடையவில்லை. உன் அத்தையின் இரட்டைவடச் சங்கிலி அதோடு போனதுதான். இரண்டாம் தரம் போனபோது பழைய சூப்பர்வைசர் ஒருவர் மூலம் நேராகக் கம்பெனியில் பேசிப் போனேன். அப்போது அங்கிருந்த பதினோரு வருடத்தில்தான் இந்த வீடு எழும்பியது.

உன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அடிப்படை நாளைக்கு 18 வெள்ளி என்கிறாய். 26 நாளுக்கு 468. ஓடி (ஓவர்டைம்) மணிக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 3 வெள்ளி 68 காசு. மாதத்துக்கு 72 மணி நேரம்தான் ஓடிக்குச் சட்ட வரம்பு. அதை முழுதாகச் செய்தாலும் 265. ஆக மொத்தம் 733. சாப்பாடு, போன், சோப்பு என்று 200 போனால் 533. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 34,600 சொச்சம். இரண்டு வட்டிக்கு மூன்றரை லட்சம் வாங்கினால் அதில் 7,000 வட்டிக்கு. என் அக்காவுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் அடைத்தாலே பதின்மூன்று மாதம். பெர்மிட் பொதுவாக இரண்டு வருடத்துக்கு. நடுவில் மழை, வேலை இல்லாத நாள், காய்ச்சல், கேன்சல் எதுவுமே வரக்கூடாது! "மாதம் அறுபதாயிரம் கையில நிக்கும்" என்று ஏஜென்ட் சொன்னாராமே, அது எந்தச் சைட் என்று எனக்கும் சொன்னால் இந்த வயதிலும் வருகிறேன்.

ஐ.பி.ஏ. என்ற முன் ஒப்புதல் கடிதம் கைக்கு வராமல் பெரிய தொகை எதுவும் கொடுக்காதே. அது ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழிலும் வரவேண்டும். ஏறுவதற்கு முன்பே வரவேண்டும். கம்பெனி பெயர், வேலை, அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் என்று எல்லாம் அதில் இருக்கும். பிடித்தம் வரியை இரண்டு தரம் படி. உண்மையான கடிதமா என்று சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் நீயே பார்க்கலாம். அங்கே இறங்கியபின் டார்மெட்ரியில் வேறொரு தாளை நீட்டி, "சும்மா ஒரு சைன்" என்பார்கள். நீ எழுத்தில் சம்மதிக்காமல் அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. அந்தச் சம்மதத்தைத்தான் தாளில் வாங்கப் பார்க்கிறார்கள். பாஸ்போர்ட்டையும் யாரிடமும் கொடுத்து வைக்காதே.

இடையில் உன் போனுக்கு வந்த கனடா விளம்பரத்தையும் காட்டினாய். அங்கே ஆள் எடுக்க முதலாளி வாங்கும் அனுமதிக்கு அவன்தான் 1,000 டாலர் கட்டவேண்டும், தொழிலாளியிடம் வசூலிக்கக்கூடாது. அதையே ஒருவன் உன்னிடம் லட்சக்கணக்கில் விற்கிறானென்றால் மேலே படிக்காமல் அழித்துவிடு. டூரிஸ்ட் விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்பவன் பேச்சும் அதே ரகம்.

டெஸ்ட்டைப் பொறுத்தவரை எனக்குக் கவலை இல்லை. நீ கட்டுக்கம்பியைச் சுற்றிக் கொக்கியால் இரண்டு முறுக்கு முறுக்கி விடுவதைப் போன மாதம் நம் கான்கிரீட்டின்போது நின்று பார்த்தேன். கை ஓடுகிறது, கண்தான் ஓடவில்லை. வரைபடத்தைப் பார்க்காமல் பக்கத்து ஆள் வைத்த இடைவெளியைப் பார்த்தே நீயும் வைத்தாய். பரீட்சையில் பக்கத்து ஆள் இருக்க மாட்டான். வரைபடம் படிக்கப் பழகினால் நாலு வருடத்தில் கோர்டிரேடு டெஸ்ட் எழுதி ஆர் ஒன், அதாவது உயர்திறன் ஆள், ஆகலாம். கம்பெனிக்கு லெவியில் மாதம் 400 வெள்ளி மிச்சமாகும். அன்றைக்கு நீ சம்பளம் பேசலாம், பேசினால் கேட்பார்கள்.

இன்னொன்று. என்னோடு இருந்த ஒரு பையனுக்குச் சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது. "டார்மெட்ரி படிக்கட்டுல விழுந்தேன்னு சொல்லு, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள். சொன்னான். யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. வேலையில் அடிபட்டால் டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல், எம்.சி. (மருத்துவச் சான்று), சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடு.

கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. நீ தங்கியிருக்கும் இடத்திலிருந்து ஒரே பஸ். நாளைக் காலை போய் விசாரி. அப்படியே உன் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பார்.

அக்கா நாளைக்கே வளையலைக் கூட்டுறவு வங்கிக்குக் கொண்டுபோவதாக இருந்தாள். புதன்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் அந்த எண்ணை அனுப்பு.

அன்புடன்,
மாமா