கரைப்பானும் ஊக்கியும்

ஓர் இரசாயனத் தாக்கம் நிகழ்வதற்குத் தாக்கிகள் வேண்டும். அது விரைந்து நிகழ்வதற்கு ஊக்கி வேண்டும். கரைப்பானோ இவை சந்திக்கும் வெறும் இடமே எனப் பலர் கருதுவர். நுண்டுளைகள் நிறைந்த திண்ம ஊக்கிகளுக்கு இக்கருத்துப் பொருந்தாது. அங்கே கரைப்பானும் ஒரு பங்காளியே என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்க முற்படுகின்றோம்.

உலோக அயன்களைச் சேதன மூலக்கூறுகளாற் பிணைத்து ஆக்கிய திண்மங்கள் உலோக சேதனச் சட்டகங்கள் எனப்படும். தூணும் வளையும் கொண்டு எழுப்பிய மனை போன்றவை இவை. உள்ளே அறைகளும் வாயில்களும் உண்டு. இத்துறையை வளர்த்த கித்தாகவா, றொப்சன், யாகி ஆகிய மூவருக்கும் 2025 ஆம் ஆண்டு இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1999 இல் ஹொங்கொங் விஞ்ஞானிகள் வெளியிட்ட செம்புச் சட்டகத்தை நோக்குவோம். இதில் இரண்டிரண்டு செம்பு அயன்களை நான்கு காபொட்சிலேற்றுக் கூட்டங்கள் இணைக்கின்றன. ஒவ்வொரு செம்பிலும் துளையை நோக்கிய ஓரிடம் எஞ்சும். அதில் நீர் மூலக்கூறு அமர்ந்திருக்கும். வெற்றிடத்தில் வெப்பமேற்ற நீர் அகன்று, வெளிறிய நீலம் கருநீலமாகும். நீரற்ற செப்புச் சல்பேற்று ஈரம்பட்டு நீலமாவதைக் கண்ட மாணவர்க்கு இந்நிறமாற்றம் வியப்பளியாது. நீர் நீங்கிய செம்பு, இலத்திரன் சோடியை ஏற்கும் லூயிசு அமிலமாய்த் தொழிற்படும். பென்சல்டிகைட்டு தன் ஒட்சிசனால் அச்செம்பைப் பற்றின், சயனைட்டுக் கூட்டம் அதன் காபனோடு எளிதிற் சேரும்.

இத்தாக்கம் பற்றிய ஆய்வொன்று 2004 இல் வெளிவந்தது. முனைவற்ற ஐதரோக்காபன் கரைப்பானில் ஊக்கி தொழிற்பட்டது. தெத்திராஐதரோபியூரானிலோ அது செயலிழந்தது. காரணம் யாது? தெத்திராஐதரோபியூரானின் ஒட்சிசனும் இலத்திரன் சோடியை உடையது. ஆதலின் அதுவும் செம்பை நாடும். தொகையிலும் கரைப்பான் மூலக்கூறுகளே மிகப் பல. விருந்தினர்க்கு இட்ட ஆசனத்தில் வழித்துணையாய் வந்தவர் அமர்ந்துகொண்டாற் போலாயிற்று. செம்பு கெடவில்லை, அதன் இடமே பறிபோயிற்று.

கரைப்பானின் செல்வாக்கு இவ்வளவில் நிற்பதன்று. துளையினுள் அது நிறைந்திருப்பின், தாக்கி உட்புகுதற்கு அதனை வெளியேற்றல் வேண்டும். தாக்கியைக் கரைப்பான் இறுகப் பற்றின், அது வெளியிலேயே தங்கிவிடும். சில சட்டகங்களை நீர் அடியோடு சிதைக்கும். துத்தநாகத்தாலாய சட்டகங்கள் பல இத்தகையன. எனினும், உலோகத்தை நாடும் கரைப்பான் யாண்டும் பகையென்று கொள்ளலாகாது. நரம்பு நஞ்சுகளை அழிக்கும் சேர்க்கோனியச் சட்டகங்களில் நீர் உலோகத்தோடு பிணைவது மட்டுமன்றி, நஞ்சைப் பகுக்கும் தாக்கியுமாகின்றது. ஓரிடத்தில் தடையாவது பிறிதோரிடத்தில் துணையாகின்றது.

ஆகவே, ஊக்கியொன்று பயனற்றதென்று தள்ளுமுன், அதனை எக்கரைப்பானிற் சோதித்தோம் என்று வினவுதல் வேண்டும். கரைப்பானின் பெயர் கூறாது ஊக்கியின் திறனை மட்டும் உரைத்தல் பாதி உண்மையே. ஆய்வுகூடத்திற் புகும் நம் இளைஞர்கள், குடுவையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் ஐயுற்று ஆராயும் பழக்கத்தைக் கைக்கொள்வாராக.