கையளவு அம்பாசடர்

கேள்வி: கார் மாடல் கிட்டில் 1:24 என்றால் என்ன? புதிதாகத் தொடங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும்? (திண்டிவனம் வாசகர்)

பதில்: அசல் காரின் 24 செ.மீ., மாடலில் 1 செ.மீ. விழுப்புரம் சாலைகளில் ஓடி உழைத்த அம்பாசடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர், இந்த அளவில் வெறும் 18 செ.மீ.!

ஜப்பானின் ஷிசுவோகாவில் 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கிய டாமியா நிறுவனம், 1967-இல் ஹோண்டா எஃப்1 காரை 1:12 அளவு மாடல் கிட்டாகக் கொண்டுவந்தது. இன்றும் அதன் கிட்டுகளுக்குத் தனி மவுசு.

பாகங்களை, அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கையால் முறிக்கவே கூடாது. நிப்பர் என்னும் சிறு வெட்டுக்குறடால் வெட்டி, பிசிறை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தண்ணீர்போன்ற பசையைத் தூரிகையால் இணைப்பில் தொட்டாலே போதும், இடுக்கு முழுக்க ஓடிப் பிடித்துக்கொள்ளும்.

பெரிய சோதனை பெயிண்ட்தான். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் லேக்கர் பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும். திண்டிவனத்தில் அந்த வேலையை மழை ஓய்ந்து, தை பிறந்தபின் வைத்துக்கொள்வது நல்லது.