பேசா முகமும் மெய்ப்பாடும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. நடிப்புப் பயில விரும்பும் மாணவர் சிலர் இதனைத் தலைகீழாகக் கொண்டு, முகத்தை மிகுதியும் அசைத்தால் அகம் தானே வெளிப்படும் என எண்ணுகின்றனர். வசனமின்றிச் சில நிமிடங்களே ஓடும் சோதனைக் குறும்படங்களில் இப்பிழை பெரிதாய்த் தோன்றுகின்றது. புருவத்தை நெரித்தலும் கண்ணை உருட்டலும் மெய்ப்பாடாகுமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினை வகுத்தார். அவற்றை விளக்கப் புகுந்தவர், புருவம் எங்ஙனம் வளையும், இதழ் எங்ஙனம் துடிக்கும் என்று கூறினாரல்லர். ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய காரணம் நந்நான்கினையே கூறினார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அழுகைக்குரியவை. ஆகவே, நேர்ந்தது யாது என்பதே முதற்கண் அறியத்தக்கது. முகம் அதன் வழிப்பட்டது.

இதனையொத்த உண்மையொன்றை ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் (1899–1970) படச்சுருளைக் கொண்டு சோதித்தார். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிகழ்ந்த அச்சோதனையை அவர்தம் மாணாக்கர் புதோவ்கின் விவரித்துள்ளார். மொஸ்ஜூகின் என்னும் நடிகரின், உணர்ச்சி ஏதும் காட்டாத முகக் காட்சியொன்றை, ஒருகால் சூப்புக் கிண்ணத்தோடும், ஒருகால் சவப்பெட்டியிற் கிடந்த பெண்ணோடும், ஒருகால் பொம்மையோடு விளையாடும் சிறுமியோடும் இணைத்துக் காட்டினர். கண்டோர் அவர் நடிப்பின் நுட்பத்தை வியந்து பாராட்டினராம். முகமோ மூன்றிடத்தும் ஒன்றே! அப்படச்சுருள் இன்று இல்லை. பிற்கால உளவியலார் செய்து பார்த்த சோதனைகளும் ஒரே முடிவைத் தரவில்லை. எனினும், காண்போர் மனமும் முகத்திற்குப் பொருள் தருகின்றது என்னும் பாடம் நிலைத்தது.

இதனை உணர நாம் ரஷ்யா வரை செல்ல வேண்டுவதில்லை. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காட்டில் மானாவாரி விதைப்பு வானம் பார்த்தே நிகழ்வது. ஐப்பசியில் புஞ்சை ஓரத்தே நின்று மேலே நோக்கும் சம்சாரியின் முகம் அசைவதில்லை. மேகம் திரண்டிருப்பின் அம்முகத்தில் நம்பிக்கையைக் காண்கின்றோம். வெளிறிய வானமாயின் கவலையைக் காண்கின்றோம். கடன் கொடுத்தவர் வரப்பில் வந்து நிற்பதை அறிந்தாலோ அச்சத்தைக் காண்கின்றோம்.

அங்ஙனமாயின் நடிகர்க்கு வேலை யாது? அடக்கமே அவர் வேலை. சாமுவேல் பெக்கெட் எழுத, ஆலன் ஷ்னைடர் இயக்கத்தில் 1964-இல் நியூயார்க்கில் எடுக்கப்பெற்று 1965-இல் வெளிவந்த 'ஃபிலிம்' என்னும் குறும்படம் இதற்குச் சான்று. 'உஷ்' என்னும் ஓரொலியன்றி அதில் வேறொலி இல்லை. சிரியா முகத்தாற் புகழ்பெற்ற பஸ்டர் கீட்டன் (1895–1966) அதில் நடித்தார். படம் முழுவதும் அவர் முதுகையும் நடையையும் கைகளையுமே காண்கின்றோம். இறுதியில், ஒரு கண் மறைக்கப்பட்ட அம்முகம் அச்சத்தோடு வெளிப்படுங்கால் நம் நெஞ்சு நடுங்குகின்றது. நெடுநேரம் மறைத்து வைத்தமையாலன்றோ அச்சிறு அசைவு அத்துணை வலிமை பெற்றது!

ஆதலின் நடிக்கப் புகும் மாணவர், முகத்தை எவ்வாறு அமைப்பது என்று கண்ணாடி முன் நின்று வினவுதலை விடுத்து, 'யான் எதனை நோக்குகின்றேன், எதனை இழந்தேன்' என்று தம்மை வினவுவாராக. விடை தெளிவாயின் முகம் தானே இசையும்.

காண்போர்க்கும் இதிற் கடமையுண்டு. நுண்ணுணர்வுடையார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் விளங்காது என்று தொல்காப்பியர் தம் இயலை முடித்தார். திருவள்ளுவரும் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே பெயரால் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். வாய் திறவாதார் முகத்தில் நமக்கு வேண்டிய பொருளை எழுதிவிடுதல் எளிது. தீப்பெட்டி ஆலையில் குனிந்து பணிபுரியும் பெண்ணின் மௌனத்தை மனநிறைவு என்று கொண்டு நாம் கடந்து செல்லுதலும் கூடும். திரையில் பிழைபடக் கண்டால் ஒரு படமே கெடும். வாழ்வில் பிழைபடக் கண்டாலோ ஒருவர் துயர் கேட்பாரின்றிப் போகும். பேசா முகத்தை நோக்குங்கால், அதன் காரணத்தை வினவியறிந்தபின் பொருள் கொள்வோமாக.