பிறப்பதற்கு முன்பே தொடங்கும் பாதுகாப்பு

தடுப்பூசி என்றவுடன் பிறந்த குழந்தைக்குப் போடப்படுவதே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும், நம் நாட்டின் தடுப்பூசி அட்டவணை கருவுற்ற தாயிடமிருந்தே தொடங்குகிறது. இதற்கான காரணத்தைக் கருவின் வளர்ச்சியிலேயே காணலாம்.

கரு உருவான மூன்றாவது வாரத்தில், அதனையொட்டிய மஞ்சட்கருப் பையில் முதல் இரத்த அணுக்கள் தோன்றுகின்றன. பின்னர் இப்பணியைக் கல்லீரலும், அதனையடுத்து எலும்பு மஜ்ஜையும் ஏற்கின்றன. மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் டி அணுக்கள் பக்குவமடைகின்றன. உடலையே தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே களையப்படுகின்றன. இவ்வாறு, பிறக்கும்போதே குழந்தையிடம் எதிர்ப்பு அணுக்கள் உள்ளன. ஆனால் அவை நோய்க்கிருமிகளைச் சந்தித்துப் பழகியவை அல்ல.

இக்குறையைத் தாயின் எதிர்ப்பொருள்கள் ஈடுசெய்கின்றன. ஐஜிஜி என்னும் வகை மட்டுமே நஞ்சுக்கொடி வழியே பெருமளவில் கருவைச் சென்றடைகிறது. இதில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் நிகழ்கிறது. எனவே, குறைமாதக் குழந்தைகள் இச்செல்வத்தைக் குறைவாகவே பெறுகின்றன.

இரண ஜன்னி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடியை அறுக்கும்போது கிருமி உட்புகுந்து, சில நாட்களிலேயே குழந்தையின் உயிரைப் பறிக்கிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு, அதன் பயனுக்காகக் காத்திருக்க அவகாசமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 1988இல் உலகெங்கும் சுமார் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இந்நோயால் மாண்டன. இந்தியாவில் 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பட்டது. தாய்மாருக்கான தடுப்பூசியும் தூய்மையான பிரசவமும் பரவியதன் பயனாக, 2015இல் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டதாக உறுதி செய்யப்பட்டது. எனினும், இக்கிருமி மண்ணில் வாழ்வதால் அதனை அடியோடு அழித்தல் இயலாது.

ஆகவே, காலம் இங்கு முக்கியமாகிறது. முதன்முறை கருவுற்ற தாய்க்கு, பதிவு செய்தவுடன் ஒரு தவணையும், நான்கு வாரங்களுக்குப் பின் மறு தவணையும் அளித்தல் வேண்டும். இரண்டாம் தவணைக்கும் பிரசவத்திற்கும் இடையே குறைந்தது இரண்டு வாரங்கள் தேவை. எட்டாம் மாதத்தில் பதிவாகும் பெயர் கணக்கில் சேரும். ஆனால் அத்தாய்க்கு முழுப் பயன் கிட்டுவது ஐயமே. எத்தனை ஊசிகள் போடப்பட்டன என்பதுடன், எந்த மாதத்தில் போடப்பட்டன என்பதையும் மேற்பார்வை அலுவலர்கள் கேட்டறிதல் இன்றியமையாதது.