கிடாவா... மாவிளக்கா? சிறுவாச்சூர் சொல்லித் தரும் பாடம்

குலதெய்வக் கோயிலுக்குப் போக நாள் குறித்தாகிவிட்டது. பேரனுக்கு முடி இறக்க வேண்டும். காது குத்த வேண்டும். பங்காளிகளுக்கெல்லாம் சொல்லியாயிற்று. பல வீடுகளில் அந்தக் கேள்வி தலைதூக்குவது அப்போதுதான்.

‘கிடா வெட்டிப் படையல் போடணும். நம்ம வழக்கம் அதுதான்’ என்பார் பெரியவர். ‘ஒரு உயிரைக் கொன்னுதான் சாமி கும்பிடணுமா அத்தை?’ என்று மெல்லக் கேட்பாள் மருமகள். மாமியாருக்கு இரண்டு பக்கமும் இழுக்கும். பெரியவர் சொல்வதும் நியாயமாகப் படும். மருமகள் கேட்பதும் மனதைத் தைக்கும்.

இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டும் அல்ல. ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்கவே இந்தக் கேள்வியைக் கேட்டு, இரண்டாகப் பிரிந்து நின்றது!

சட்டம் வந்தது... போனது!

கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950-லேயே நம் மாநிலத்தில் இயற்றப்பட்டது. ஆனால், ஏட்டளவில்தான் இருந்தது. கிராமத்துத் திருவிழாக்கள் வழக்கம்போல் நடந்து வந்தன. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அந்தச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு அரசு உத்தரவிட்டது. அப்போது அரியலூரும் பெரம்பலூரும் ஒரே மாவட்டம். 2007 நவம்பரில்தான் அரியலூர் மீண்டும் தனி மாவட்டம் ஆனது.

உத்தரவு வந்ததும் ஊருக்கு ஊர் விவாதம் மூண்டது. ‘நல்ல காரியம்’ என்று கைகூப்பியவர்களும் பக்தர்களே. ‘எங்கள் சாமியைக் கும்பிட எங்களுக்குத் தெரியாதா?’ என்று குமுறியவர்களும் பக்தர்களே. கடவுளே இல்லை என்பவர்களில் சிலர்கூட, ‘கிராமத்து மக்களின் வழிபாட்டில் அரசு கை வைக்கலாமா?’ என்று கேட்டார்கள். முடிவில், 2004 பிப்ரவரியில் அவசரச் சட்டம் கொண்டு வந்து அந்தத் தடைச் சட்டமே நீக்கப்பட்டது. ஆறு மாதம்கூட அமல் நீடிக்கவில்லை!

சட்டம் போய்விட்டது. கேள்வி மட்டும் போகவில்லை. அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

இரு தரப்பும் சொல்வது என்ன?

கிடா வெட்டுபவர்களின் பக்கத்தை முதலில் கேட்போம். ‘ஊர் எல்லையில் நின்று எங்களைக் காக்கும் கருப்பண்ணனும் முனியும் காளியும் எங்களுக்கு முப்பாட்டன், முப்பாட்டி மாதிரி. நாங்கள் எதை உண்கிறோமோ, அதை அவர்களுக்குப் படைக்கிறோம். மஞ்சள் நீர் தெளித்து, ஆடு உடம்பைச் சிலிர்த்துச் சம்மதம் சொன்ன பிறகே வெட்டுகிறோம். அந்தச் சோற்றை ஊரே ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடையில் கறி வாங்கினால் குற்றமில்லை. அதையே சாமிக்குப் படைத்துச் சாப்பிட்டால் மட்டும் குற்றமா?’

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. மத வழக்கப்படி ஒரு விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்று, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும் அதன் 28-ஆம் பிரிவில் விலக்கு அளிக்கிறது.

இனி மறு தரப்பு. ‘அகிலத்துக்கெல்லாம் அன்னை என்று அவளை அழைக்கிறோம். அந்த ஆட்டுக்குட்டிக்கும் அவள்தானே தாய்? ஒரு பிள்ளையின் காதுகுத்துக்கு இன்னொரு பிள்ளையின் உயிரையா கேட்பாள்? தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கும். அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? வட்டிக்குக் கடன் வாங்கிக் கிடா வாங்கும் ஏழையின் கஷ்டத்தை யார் நினைக்கிறார்கள்?’

இதையும் தள்ளிவிட முடியாதே!

திருமுறைக்குள்ளேயே இரண்டும் உண்டு!

‘பெரியவர்கள் நூலில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடுமே’ என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பார்ப்போம்.

சைவத் திருமுறைகள் பன்னிரண்டில், பத்தாவது திருமூலரின் திருமந்திரம். அதில் கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனிப் பகுதிகளே இருக்கின்றன. அடுத்த பதினோராம் திருமுறையில் இடம்பெற்றிருப்பது நக்கீரரின் திருமுருகாற்றுப்படை. முருகனடியார்கள் வீடுகளில் பாராயணம் செய்யும் நூல் அது. அந்த நூலில், குறிஞ்சி நிலத்து மக்கள் ஆட்டுக்கிடாவின் குருதி கலந்த அரிசியைப் படைத்து முருகனை வழிபடும் காட்சி வருகிறது! அந்த வழிபாட்டுக்கும் முருகன் இரங்கி வருவதாகவே நக்கீரர் பாடுகிறார்.

பத்தாவதும் பதினொன்றாவதும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். நடுவில் சண்டை இல்லை. திருமுறைகளைத் தொகுத்த பெரியோர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை எறிந்துவிடவில்லை.

மறுபக்கம், திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம், கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் என்று வைத்து, ஆயிரம் வேள்வியைவிட ஓர் உயிரைக் கொன்று உண்ணாமலிருப்பது மேல் என்கிறார். வடலூரில் 1867-ல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார், கொல்லாமையையே தம் நெறியின் அடித்தளமாக வைத்தார். மத்வாசாரியரும், வேள்வியில் உயிருள்ள விலங்குக்குப் பதில் மாவினால் செய்த உருவத்தை இடும்படி நெறி வகுத்தார்.

ஆக, கருத்து வேறுபாடு நேற்று முளைத்தது அல்ல. நம் சமயத்துக்குள்ளேயே அது நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் குலோத்துங்க சோழனின் தலைநகர். அவன் படை கலிங்கத்தை வென்றதைப் பாடும் கலிங்கத்துப்பரணியில், வீரர்கள் காளிக்குத் தங்கள் தலையையே அரிந்து கொடுக்கும் வருணனை வருகிறது. தன்னைத் தானே பலி கொடுத்தவர்களின் ‘நவகண்ட’ச் சிற்பங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிடைத்துள்ளன. இன்று யாராவது அந்த வழக்கம் வேண்டும் என்பார்களா? மாட்டார்கள். காளி வழிபாடு நிற்கவில்லை, படையல்தான் மாறியது. திருஷ்டிக்குப் பூசணிக்காய்க்குள் குங்குமம் வைத்து உடைக்கிறோமே... எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வாசலில் வைக்கிறோமே... பலிக்குப் பதிலாக வந்த பொருள்களாகவே பெரியவர்கள் இவற்றைச் சொல்வார்கள்.

வழக்கம் என்பது கல்வெட்டு அல்ல. அது மாறும். ஆனால், எப்படி மாறவேண்டும்? இதற்குத்தான் சிறுவாச்சூர் நல்ல பாடம் சொல்கிறது.

முதல் தீபாராதனை யாருக்கு?

திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குத் தெற்கே சுமார் 8 கி.மீ. தொலைவில் உள்ளது சிறுவாச்சூர். இங்கே மதுரகாளியம்மன் வடக்கு நோக்கி அமர்ந்து அருள்பாலிக்கிறாள். திங்களும் வெள்ளியுமே இங்கு தரிசனத்துக்கு உரிய நாட்கள். சில விசேஷ நாட்களிலும் நடை திறப்பது உண்டு. சைவ உணவு உண்ணும் குடும்பங்கள், அசைவம் உண்ணும் குடும்பங்கள் என்று பல சமூகத்தாருக்கும் இவளே குலதெய்வம்!

தலவரலாறு சொல்வது இது: ஆதியில் இங்கே கோயில் கொண்டிருந்தவள் செல்லியம்மன். மந்திரவாதி ஒருவன் தன் மந்திர பலத்தால் அவளைக் கட்டுப்படுத்தி, தீய செயல்களுக்குப் பயன்படுத்தி வந்தான். மதுரையிலிருந்து வந்த காளி, ஓர் இரவு தங்க இடம் கேட்டாள். செல்லியம்மன் தன் துயரத்தைச் சொல்ல, காளி அந்த மந்திரவாதியைச் சம்ஹாரம் செய்தாள். நெகிழ்ந்துபோன செல்லியம்மன், ‘இனி நீயே இங்கிருந்து மக்களைக் காப்பாற்று’ என்று இடத்தைக் கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். பூஜையில் முதல் மரியாதை மட்டும் தனக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டாளாம்.

அதனால்தான் இன்றும் மலை இருக்கும் திசை நோக்கிச் செல்லியம்மனுக்குத் தீபாராதனை காட்டிய பிறகே மதுரகாளிக்குக் காட்டுகிறார்கள். வாரத்தில் மற்ற நாட்களில் மதுரகாளியும் அந்த மலையில் செல்லியம்மனோடு இருப்பதாக ஐதீகம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வந்தவள் காளி. கோபத்துக்குப் பெயர் போனவள். நினைத்திருந்தால் பழைய பெயரையே துடைத்துப் போட்டிருக்கலாம். அவள் அழித்தது தீமையை மட்டும்தான். பழைய தெய்வத்தை அழிக்கவில்லை, இழிவாகப் பேசவும் இல்லை. முதல் மரியாதையை அவளுக்கே கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் நிற்கிறாள். மாற்றமும் வந்தது, மரியாதையும் குறையவில்லை!

இந்தக் காளிக்கு விசேஷமான பிரார்த்தனை என்ன தெரியுமா? மாவிளக்கு! வீட்டிலிருந்து மாவாகக் கொண்டு வருவதைவிட, அரிசியை ஊறவைத்துக் கோயிலிலேயே உரலில் இடித்து மாவிளக்கு போடுவதைப் பெண்கள் பெரிதாக நினைக்கிறார்கள். கையில் உலக்கை, நெற்றியில் வியர்வை, வாயில் அம்மன் பெயர். அங்கே காணிக்கையாவது நம் உடல் உழைப்பு.

அரியலூரிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில் உள்ள கல்லங்குறிச்சி கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலும் இந்த வகையில் நினைக்கத்தக்கது. அங்கே மூலவராக விக்கிரகம் இல்லை; ஒரு கல்தூணையே பெருமாளாக வணங்குகிறார்கள். விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்த தானியத்தை அங்கே காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். சாமிக்குக் கொடுப்பது என்பதற்கு எத்தனை வழிகள், பார்த்தீர்களா!

வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

‘அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா?’ என்று கேட்டால், இல்லை. ஓர் உயிரின் வலி வலிதான். ‘வேண்டாமே’ என்று சொல்லும் மருமகளின் மனம் தெய்வத்துக்கு நெருக்கமான மனம்தான். ஆனால் அதை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் குடும்பம் சேர்வதும் உடைவதும் இருக்கிறது.

* ஏற்கெனவே நேர்ந்துகொண்ட வேண்டுதல் இருந்தால், அதை வேண்டிக்கொண்டவரே முடிவு செய்ய வேண்டும். அவர் மனம் மாறினால், பூசாரியிடம் சொல்லிச் சாமி முன் பூக்கட்டிப் பார்த்து உத்தரவு கேட்பது பல ஊர்களில் உள்ள வழக்கம். உத்தரவு கிடைத்துவிட்டால் மனதில் பயம் இருக்காது.

* புதிதாக நேர்ந்துகொள்வதானால், நம்முடைய பொருளை, நம்முடைய உழைப்பை நேர்ந்துகொள்ளுங்கள். முடி காணிக்கை, மாவிளக்கு, அங்கப்பிரதட்சிணம், அன்னதானம் என்று எத்தனையோ உண்டு. நம் வேண்டுதலுக்கு நாமே பாடுபடுவதுதான் நேர்மை.

* கடன் வாங்கிக் கிடா வெட்ட வேண்டாம். பெற்ற பிள்ளை கடனாளி ஆவதை எந்தத் தாயும் விரும்ப மாட்டாள்.

* பங்காளிகள் கிடா வெட்டினால், பார்க்கும்படியோ சாப்பிடும்படியோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, முக்கியமாகக் குழந்தைகளை. அதேபோல, சாப்பிடாதவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் சுளிக்கவும் கூடாது. தேங்காய் உடைத்து, மாவிளக்கு ஏற்றி, அதே சாமியை அதே பயபக்தியோடு கும்பிட்டு வரலாமே!

* ‘சிறுதெய்வம்’, ‘காட்டுமிராண்டி வழக்கம்’ என்ற வார்த்தைகள் வீட்டில் வேண்டவே வேண்டாம். அந்தச் சாமிதான் நம் பாட்டனையும் முப்பாட்டனையும் காத்தது. பெரியவருக்கு உரிய முதல் மரியாதையைக் கொடுத்துவிட்டு நம் விருப்பத்தைச் சொன்னால், அவர் காது கொடுத்துக் கேட்பார்.

மாவிளக்கு போடும் முறை

2 ஆழாக்கு பச்சரிசியைக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டித் துணியில் உலர்த்துங்கள். ஈரப்பதம் இருக்கும்போதே இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் ஒன்றரை ஆழாக்கு பொடித்த வெல்லம், சிறிது ஏலக்காய்ப்பொடி சேர்த்துப் பிசைந்து, உருண்டையாக்கி நடுவில் குழி செய்யுங்கள். நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றி, தீபம் மலையேறிய பிறகு பிரசாதமாகக் கொடுங்கள். கிடா வெட்டிய பங்காளி வீட்டுக்கும் ஓர் உருண்டை கட்டாயம் போகட்டும்!

2003-ல் உத்தரவு போட்டு மாற்ற நினைத்தது ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. உரலடியில் உலக்கை பிடித்து, வேண்டுதலை மாவாக்கி, விளக்காக்கி ஏற்றிய பெண்களின் வழிபாடோ தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது. அடுத்த முறை குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பும்போது, பையில் ஒரு படி பச்சரிசியும் கொஞ்சம் வெல்லமும் எடுத்து வையுங்கள். மீதியை மதுரகாளி பார்த்துக்கொள்வாள்!