நேற்று நடந்த தூரம் இன்று ஏன் கனக்கிறது?

மாரடைப்புச் சிகிச்சைக்குப் பின் நடைப்பயிற்சியோ மெல்லோட்டமோ தொடங்கியவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: “நேற்று எளிதாக நடந்தேன், இன்று அதே தூரம் மலை ஏறுவதுபோல இருந்தது. இதயம் மறுபடியும் பலவீனமாகிவிட்டதா?” இந்த அச்சத்தால் நடையையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. நிறுத்தினால் உடல் தளரும். தளர்ந்த உடலுக்கு அடுத்த முயற்சி மேலும் கடினமாகத் தோன்றும். ஆகவே களைப்பு என்னும் உணர்வு எவ்வாறு உண்டாகிறது என்பதை நோயாளிகளும் வீட்டாரும் அறிந்திருத்தல் நல்லது.

களைப்பு கால்கள் மட்டும் அனுப்பும் செய்தி அன்று. தசை, மூச்சு, நாடித்துடிப்பு ஆகியவற்றின் நிலையோடு, ‘இன்னும் எவ்வளவு தூரம், என்னால் முடியுமா’ என்ற கணிப்பையும் அன்றைய மனநிலையையும் சேர்த்தே மூளை அதனை உருவாக்குகிறது. தைப்பூசக் காலத்தில் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோரை நம் பகுதியினர் அனைவரும் கண்டிருப்பர். நாள்கணக்கில் நடந்து கால் கொப்பளித்தவர்களும் மலை கண்ணில் பட்டதும் நடையை எட்டிப் போடுவர். தசைகளுக்கு அந்த இடத்தில் புது வலிமை வந்துவிடவில்லை. மீதித் தூரம் தெரிந்துவிட்டது. உடன் பலர் வருகின்றனர். சேரும் இடத்தின்மேல் மனம் இருக்கிறது. (மன உறுதி கொப்புளத்தை ஆற்றாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சர்க்கரை நோயுள்ளவர்கள் யாத்திரைக்கு முன் பாதங்களை மருத்துவரிடம் காட்டிச் செல்ல வேண்டும்.)

தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாக்குகிறது. டிரெட்மில்லில் 10 நிமிடம் ஓடினால் போதும் என்று ஓட்டக்காரர்களிடம் கூறினர். பத்தாவது நிமிடம் முடிந்ததும், மேலும் 10 நிமிடம் ஓட வேண்டும் என்றனர். வேகம் மாற்றப்படவில்லை. ஆயினும் அடுத்த ஒரு நிமிடத்திற்குள்ளேயே அவர்கள் உணர்ந்த களைப்பு உயர்ந்தது. ஓட்டத்தில் இருந்த மகிழ்ச்சியும் குறைந்தது.

உடன் நடக்கும் பிள்ளைகளும் துணைவரும் இதைக் கவனிக்க வேண்டும். “இதோ, வந்துவிட்டது” என்று பொய்யாகச் சொல்லி அழைத்துச் செல்வது அன்பினால்தான். ஆனால் எதிர்பார்ப்பு ஏமாறும்போது கால் மேலும் கனக்கும். “அந்த வேப்பமரம் வரை போய்த் திரும்புவோம்” என்று உண்மைத் தூரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். அடிக்கு ஒருமுறை “நெஞ்சு வலிக்கிறதா?” என்று கேட்பதையும் தவிருங்கள். வலியை எதிர்பார்த்து நடப்பவருக்குச் சாதாரண மூச்சுவாங்கலும் ஆபத்தாகவே படும்.

மூளையின் சோர்வுக்கும் இதில் பங்கு உண்டு. பிரிட்டனில் நடத்தப்பட்டு 2009-இல் வெளிவந்த ஆய்வொன்றில் 16 பேர் பங்கேற்றனர். 90 நிமிடம் இடைவிடாது கவனம் செலுத்தும் வேலையைக் கணினியில் முடித்தபின் சைக்கிள் மிதித்தபோது, சராசரியாக 640 வினாடிகளில் ஓய்ந்தனர். அதே நேரம் ஆவணப்படம் பார்த்த நாளில் 754 வினாடிகள் தாக்குப்பிடித்தனர். இதயமும் நுரையீரலும் இரு நாள்களிலும் ஏறத்தாழ ஒரே விதமாகவே இயங்கின. முயற்சி மட்டும் தொடக்கத்திலிருந்தே கடினமாகத் தோன்றியது. நூற்பாலையில் இரவு வேலை முடித்தவருக்கோ, கடன் கவலையில் உறங்காதவருக்கோ காலை நடை கனப்பதில் வியப்பில்லை. அத்தகைய நாளில் பாதித் தூரம் நடந்தாலும் போதும். நடையை முற்றிலும் விட வேண்டாம். அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ பாதை 8 கி.மீ. நீளமுடையது என்பதற்காக நீங்களும் 8 கி.மீ. நடந்தாக வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் முயற்சியை எதைக் கொண்டு அளப்பது? சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த, 6 முதல் 20 வரையிலான அளவுகோலை உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். 6 என்றால் முயற்சியே இல்லை, 13 ‘சற்றுக் கடினம்’, 20 உச்சம். இதய நோயாளிகளுக்குப் பெரும்பாலும் 11 முதல் 13 வரை பொருந்தும். எண் நினைவில் நிற்காவிடில், உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்கள் நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். அம்மருந்துகள் துடிப்பை ஏறவிடாமல் அடக்கும்.

எனினும் எல்லாவற்றையும் மனத்தின்மேல் போட்டுவிடக் கூடாது. நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நின்று உட்காருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். இருசக்கர வாகனத்தில் நீங்களே ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். ஓய்வில் தணிந்துவிட்டாலும் அன்றைக்கே எங்களிடம் காட்டுங்கள். தொடர்ந்து ஒரு வாரம் அதே தூரம் கடினமாகவே இருந்தாலோ, காலில் வீக்கம் கண்டாலோ அடுத்த மறுபரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம்.